வழக்குரை காதையிலிருந்து வாதக் கட்டுரைக்கு: தனிப்பயிற்சியில் கற்பவை

வணக்கம் நண்பர்களே. சில காலமாக ஒரு தனிப்பயிற்சி ஆசிரியரிடம் இரண்டு திறன்களைச் சேர்த்துக் கற்றுவருகிறேன். பிறர் எழுதிய உரை தன் வாசகரை எவ்வாறு இணங்க வைக்கிறது என்று ஆராயும் ரெட்டாரிக் பகுப்பாய்வு அவற்றில் ஒன்று. நாமே ஒரு நிலைப்பாட்டை எடுத்து வாசகரை அதன் பக்கம் கொண்டுவர முயலும் வாதக் கட்டுரை மற்றொன்று. பாடநூல்களில் இவை பெரும்பாலும் வெவ்வேறு அலகுகளாக இருக்கும். என் ஆசிரியர் இரண்டையும் ஒரே பாடமாக நடத்துகிறார். பிறர் உரையில் நாம் கேட்கப் பழகிய கேள்விகளையே நம் உரையின்மீதும் கேட்க வைப்பதுதான் அவருடைய முறை. அந்த முறை எப்படி நடக்கிறது என்பதை எடுத்துக்காட்டுடன் இன்று விளக்குகிறேன்.

பகுப்பாய்வு என்றவுடன் மாணவர் பலரும் பற்றிக்கொள்வது அரிஸ்டாட்டிலின் மூன்று கலைச்சொற்களை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அவர் வகுத்த ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் ஆகியவை முறையே பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தருக்கம் ஆகியவற்றைச் சார்ந்த இணக்கத்தைக் குறிக்கின்றன. மிகவும் பயனுள்ள பாகுபாடு இது. ஆனால் இதை மனப்பாடம் செய்தவர்கள் எழுதும் பகுப்பாய்வு, 'முதல் பத்தியில் பேதோஸ் உள்ளது, இரண்டாம் பத்தியில் உருவகம் உள்ளது, மூன்றாம் பத்தியில் புள்ளிவிவரம் உள்ளது' என்று சரக்குப் பட்டியலாக முடிந்துவிடுகிறது. அத்தகைய வரியை என் ஆசிரியர் அடிப்பதில்லை. பக்க ஓரத்தில் 'அதனால் என்ன?' என்று மட்டும் எழுதுவார். அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, கேட்பவர் யார், அவர் எந்த மனநிலையில் இருக்கிறார், பேசுபவர் அவரிடமிருந்து எதை எதிர்பார்க்கிறார் என்பவற்றை எழுதாமல் தப்பிக்க முடியாது. 1968இல் லாய்ட் பிட்சர் என்ற அமெரிக்க அறிஞர் எழுதிய கட்டுரை ஒன்று இதையே அடிப்படையாக வைக்கிறது: பேச்சைத் தூண்டிய அவசரத் தேவை, அதைத் தீர்க்கக்கூடிய அவை, பேசுபவரைக் கட்டுப்படுத்தும் சூழல் ஆகிய மூன்றும் தெரியாமல் ஓர் உரையை மதிப்பிட இயலாது. திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர், அவையறிதலுக்கும் தனியாக ஓர் அதிகாரம் வகுத்திருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் எங்களுக்குப் பயிற்சிக்குத் தந்த உரை சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. கதை எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் குறுக்கிடாததால், பேச்சு எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்பதில் மட்டும் கண்ணை வைக்க முடிகிறது. பாண்டியன் அவையில் கண்ணகியிடம் அசைக்க முடியாத சான்று ஒன்று இருக்கிறது: அவளுடைய சிலம்பின் பரல் மாணிக்கம். இருந்தும் அவள் அதிலிருந்து தொடங்குவதில்லை. யார் நீ என்று மன்னன் கேட்டதற்குக்கூட நேரடியாகப் பெயரைச் சொல்வதில்லை. 'தேரா மன்னா செப்புவது உடையேன்' என்று தொடங்கி, புறாவின் துன்பத்தைத் தீர்த்த மன்னனையும், பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட்டதால் தன் மகனையே தேர்க்காலில் மடித்த மன்னனையும் சொல்லி, அவர்களுடைய புகார் நகரம் என் ஊர் என்கிறாள். பின்பு மாசாத்துவான் குடியையும், கொலைக்களப்பட்ட கோவலனையும் சொல்லி, தன் பெயரை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்கிறாள்.

இதை 'ஈதோஸ்' என்று குறித்துவிட்டு நகர்வது எளிது. அதனால் என்ன? கேட்பவன் ஒரு மன்னன். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் முழுவதும் அவனிடம் இருக்கிறது. பேசுபவளோ அவ்வூரில் யாரும் அறியாதவள். தன் வழக்கை வைப்பதற்கு முன்பே, ஒரு பறவைக்கும் ஒரு பசுவுக்கும் நீதி வழங்கிய மன்னர்களை அவன் முன் நிறுத்துவதால், இனி அவன் சொல்லப்போகும் எந்த விடையும் அந்த அளவுகோலால் அளக்கப்படும். தன்னை அறிமுகம் செய்துகொள்வது போன்ற தோற்றத்திலேயே அவள் மன்னனை விசாரணைக்கு உட்படுத்திவிடுகிறாள். இப்படி எழுதினால்தான் அது பகுப்பாய்வு ஆகிறது என்பது ஆசிரியரின் கருத்து, என்னுடையதும் அதுவே.

இதே இடத்தில் அவர் செய்ய வைத்த இரண்டு சோதனைகளை நீங்களும் எந்த உரையிலும் செய்து பார்க்கலாம். முதலாவது, ஒரு சொல்லை மாற்றிப் பார்ப்பது. 'தேரா' என்பதற்குப் பதிலாகக் 'கொடிய' என்று வைத்தால் என்ன இழக்கிறோம்? கொடியவன் என்ற குற்றச்சாட்டு மன்னனின் இயல்பைத் தாக்குகிறது. அதற்கு அவன் சினப்பான், அவையும் அவன் பக்கம் சாயும். ஆராயாதவன் என்ற குற்றச்சாட்டோ நடைமுறையில் நேர்ந்த தவறைச் சுட்டுகிறது. அதைக் கேட்டவனுக்கு இப்போதாவது ஆராய்வதற்கு ஒரு வழி திறந்திருக்கிறது, பின்னால் அவன் தன் சிலம்பைக் கொண்டுவரச் சொல்வதும் அந்த வழியில்தான். 'சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து' என்ற குறளை அறிவுரையாகவே படித்து வந்தோம். ஆசிரியர் அதை ஆய்வுக் கருவியாகப் பயன்படுத்துகிறார். இரண்டாவது சோதனை, வரிசையை மாற்றிப் பார்ப்பது. கண்ணகி தன் பெயரை முதலில் சொல்லியிருந்தால், அரசவைக்கு அது பொருளற்ற ஒரு பெயர். கடைசியில் வரும்போது அது ஒரு நகரத்தின் நீதியையும் ஒரு குடியின் புகழையும் ஒரு கொலையையும் சுமந்துகொண்டு வருகிறது.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மன்னன் என்ன விடை சொல்கிறான்? கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது, அது அரச நீதியே என்கிறான். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெர்மகோரஸ் என்ற கிரேக்க ஆசிரியரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் ஸ்டேசிஸ் என்ற கோட்பாடு, எந்த வழக்கும் நான்கு இடங்களில் ஒன்றில் நிற்கிறது என்கிறது: நிகழ்ந்ததா, அதற்கு என்ன பெயர், அது எத்தகையது, அதை விசாரிக்கும் உரிமை இங்கே உண்டா. மன்னன் வழக்கை 'எத்தகையது' என்ற இடத்துக்கு நகர்த்தப் பார்க்கிறான். கொலை நியாயமா என்று விவாதம் திரும்பியிருந்தால், தண்டனை பற்றிய நெடும்பேச்சில் கண்ணகி தோற்றிருக்கக்கூடும். அவள் அந்த அழைப்பை ஏற்கவில்லை. கள்வனைக் கொல்லலாமா என்ற பொதுவிதியை மறுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, என் சிலம்பு மணியைப் பரலாக உடையது என்று 'நிகழ்ந்ததா' என்ற இடத்துக்கு வழக்கை இழுத்து வருகிறாள். உடனே மன்னன், நன்று சொன்னாய், எம் சிலம்பு முத்தைப் பரலாக உடையது என்று தன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். சிலம்பு உடைவதற்கு முன்பே, எது தெறித்தால் எது உண்மை என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. அதனால்தான் மாணிக்கம் தெறித்த பிறகு ஒரு சொல் விளக்கமும் தேவைப்படவில்லை. சான்றின் வலிமை சான்றில் மட்டும் இல்லை, எதிர்த்தரப்பு முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட சோதனையிலும் இருக்கிறது என்பதை எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

இங்கிருந்து கட்டுரைக்குச் செல்வோம். ஆசிரியர் கொடுத்த தலைப்பு எல்லாரும் எழுதிச் சலித்த ஒன்றுதான்: வகுப்பறைக்குள் கைப்பேசிக்கு இடம் உண்டா? 'இடம் தரக்கூடாது, அது கவனத்தைச் சிதறடிக்கிறது' என்று ஒரு மாணவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1958இல் ஸ்டீபன் டூல்மின் என்ற பிரித்தானியத் தத்துவ அறிஞர் முன்வைத்த வாத மாதிரியில், முதல் பகுதி கோரிக்கை, இரண்டாம் பகுதி ஆதாரம். இரண்டையும் இணைக்கும் மூன்றாவது ஒன்று சொல்லப்படாமல் நடுவில் மறைந்திருக்கிறது: கவனத்தைக் காப்பதே வகுப்பறையின் முதல் கடமை என்ற எண்ணம். டூல்மின் இதை வாரண்ட் என்றார். இணைப்பு விதி என்று நான் சொல்லிக்கொள்கிறேன். எதிர்க்கருத்து உடையவர் பெரும்பாலும் ஆதாரத்தை மறுப்பதில்லை. கைப்பேசி கவனத்தைச் சிதறடிக்கிறது என்பதை அவரும் ஒப்புக்கொள்வார். ஆனால், சிதறல் நடுவே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளக் கற்றுத்தருவதும் பள்ளியின் வேலைதானே என்பார். அப்படியானால் சண்டை இணைப்பு விதியில் நடக்கிறது. அது தெரியாமல், கவனச் சிதறலுக்கு மேலும் மேலும் சான்றுகளை அடுக்கும் கட்டுரை, ஆளில்லாத கோட்டையை முற்றுகையிடும் படையைப் போன்றது. மன்னனின் பொதுவிதியைக் கண்ணகி விட்டுக்கொடுத்துத் தன் இடத்தைத் தேர்ந்துகொண்டது போல, கட்டுரையாளரும் எதை விட்டுக்கொடுக்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் முதல் வரியை எழுத வேண்டும்.

எதிர்க்கருத்தைக் கையாள்வது பற்றி ஒரு செய்தி. இதை மேலைநாட்டு எழுத்துப் பயிற்சியின் தனிச்சொத்து என்று நினைப்பவர்கள் பவணந்தி முனிவரின் நன்னூலைப் புரட்டிப் பார்க்கலாம். நூலுக்குரிய மதங்கள், அதாவது கருத்தைக் கொள்ளும் முறைகள், ஏழு என்று பாயிரப் பகுதியில் அவர் வகுக்கும்போது உடன்படல், மறுத்தல் ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொள்வதில்லை. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்பு களைவதையும், இருவர் மாறுபட்டால் ஒரு பக்கத்தைத் துணிவதையும், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துவதையும் தனித்தனி வழிகளாகச் சொல்கிறார். என் ஆசிரியர் இவற்றுள் 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவே' என்பதைத்தான் அதிகம் பழக வைக்கிறார். அதற்கு அவர் வைத்திருக்கும் நிபந்தனை கடுமையானது: எதிர்த்தரப்பின் வாதத்தை நாம் எழுதியதைப் படித்துவிட்டு, அந்தத் தரப்பினரே 'ஆம், நாங்கள் சொல்வது இதுதான்' என்று ஒப்ப வேண்டும். அதுவரை மறுப்பு எழுத அவர் அனுமதிப்பதில்லை. 'சிலர் கூறுவர்' என்று தொடங்கி, எவரும் கூறாத அசட்டு வாதத்தை எழுதி, அதை அடுத்த வரியில் வீழ்த்துவது தேர்வுத் தாள்களில் நாள்தோறும் நடக்கும் போலிச் சண்டை.

முன்னுரை, முடிவுரை பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நடுப்பகுதி சரியாக அமைந்தால் அவை தாமாகவே கிடைத்துவிடுகின்றன.

தனிப்பயிற்சி ஆசிரியர் எதற்கு, நூல்களைப் படித்தே கற்க முடியாதா என்று கேட்கலாம். கோட்பாடுகளை நூலிலிருந்தே கற்றுவிடலாம். நூலால் செய்ய முடியாதது, நம் பத்தியைப் படித்துவிட்டு இணங்க மறுப்பது. நல்ல ஆசிரியர் நம் கட்டுரைக்கு வாய்க்கும் முதல் பிடிவாதமான வாசகர். 'இந்த வரியில் நான் உங்களோடு வருகிறேன், அடுத்த வரியில் வரவில்லை' என்று இடத்தைத் தொட்டுக் காட்டுவார். ஆகவே ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் வகுப்பில் அவர் பேனா என்ன செய்கிறது என்று கவனியுங்கள். நம் வாக்கியத்தை எடுத்து அவரே அழகாக மாற்றி எழுதித் தந்தால், அன்றைய கட்டுரை மட்டுமே தேறும், எழுதுபவர் அப்படியே இருப்பார். கேள்வி எழுதி, திருத்தத்தை நம்மிடமே விடுபவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். கேள்விகளுக்கு விடை தேடுவது சில நேரம் எரிச்சலூட்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வகுப்புக்குச் செல்லும் முன் செய்துகொள்ள வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. வரைவு முடிந்ததும், ஒவ்வொரு பத்திக்கும் அருகில் அது வாசகரிடம் என்ன செய்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். 'கைப்பேசியைப் பற்றிச் சொல்கிறது' என்பது விடையாகாது. 'பெற்றோரின் அச்சத்தை ஒப்புக்கொண்டு, அதை வேறு வழியில் தீர்க்கலாம் என்று நம்ப வைக்கிறது' என்பது விடை. எந்தப் பத்திக்கு அப்படியொரு வரி எழுத வரவில்லையோ, அந்தப் பத்தியைத்தான் ஆசிரியரிடம் முதலில் நீட்ட வேண்டும். நன்றாக வந்த பத்தியைக் காட்டிப் பாராட்டு வாங்குவதற்குச் செலவாகும் நேரம் வீண்.

நேரக் கட்டுப்பாடு உள்ள தேர்வுகளிலும் இதைச் சுருக்கமாகச் செய்ய முடியும். வினாத்தாளைப் படித்தவுடன் கோரிக்கையை எழுதத் தொடங்காமல், எதிர்த்தரப்பின் மிக வலிமையான வாக்கியத்தை ஓரத்தில் முதலில் எழுதிவிடுங்கள். அதன்பின், அந்த வாக்கியத்தில் எந்தப் பாதியை உங்களால் ஒப்புக்கொள்ள முடியும் என்று அடிக்கோடிட்டுக்கொண்டு, மீதிப் பாதிக்கான விடையாக உங்கள் கோரிக்கையை அமையுங்கள்.