தொப்பியைத் தொடாத ஆட்டக்காரர்

நண்பர்களே, வணக்கம். "இவர் இன்று பேஸ்பால் பற்றிப் பேசுவார்" என்று தலைவர் சொன்னதும் முன்வரிசையில் இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். நானும் கவனித்தேன். பயப்படாதீர்கள், விதிமுறை வகுப்பு எடுக்க மாட்டேன். கோடி கோடியாகச் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர், டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? இது ஒன்றுதான் இன்றைக்குப் பேச்சு.

அந்தோணி ரெண்டன் என்று ஒருவர். அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 2019இன் கடைசி ஆட்டத்தில் வாஷிங்டன் அணி இரண்டு ஓட்டம் பின்தங்கிக் கிடந்தபோது, ஹோம் ரன், அதாவது கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி பந்தை வேலிக்கு அப்பால் அடித்து, மீட்சியைத் தொடங்கி வைத்தவர். அந்தக் கையோடு ஏஞ்சல்ஸ் அணி அவரை 7 ஆண்டுக்கு 24.5 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. 2021 முதல் 2024 வரை நான்கு சீசன், மொத்தம் 648 ஆட்டம். ரெண்டன் ஆடியது 205. இடுப்பு, மணிக்கட்டு, கால் என்று மாறி மாறிக் காயம். அடிபட்டவரைத் திட்டுவது பாவம். அதற்காக நான் ஒரு சொல்கூடச் சொல்லப் போவதில்லை.

ஆனால் 2024இல் அவர் வாயைத் திறந்தார். சீசன் ரொம்ப நீளம், ஆட்டங்களைக் குறைக்க வேண்டும் என்றார். பிறகு, பேஸ்பால் தனக்கு ஒருபோதும் முதலிடத்தில் இருந்ததில்லை, அது பிழைப்புக்குச் செய்கிற வேலை, கடவுளும் குடும்பமும்தான் முதலில் என்றார். குடும்பத்தை முதலில் வைப்பதில் யாருக்கு என்ன வருத்தம்? சரி, வேலை என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மார்ச் 30, ஓக்லண்டில் சீசனின் முதல் ஆட்டம். தோற்றுவிட்டு உள்ளே போகும்போது, வேலிக்கு மேலே நின்ற ரசிகர் ஒருவரின் சட்டையை ரெண்டன் எட்டிப் பிடித்தார். அந்த ஆள் தன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியதாகச் சொல்லி வாதாடுவது வீடியோவில் இருக்கிறது. ஐந்து ஆட்டத் தடை விதித்து, பிறகு நான்காகக் குறைத்தார்கள். கல்லாப்பெட்டியில் உட்கார்ந்திருக்கிற பையன், வாடிக்கையாளர் சட்டையைப் பிடித்தால் மறுநாள் வேலை இருக்குமா?

"அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் தங்கம்" என்று சொல்லப் போகிறேன் என்று நினைத்தால், அதுவும் இல்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸைப் பாருங்கள். அவர் காலத்தில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் ஒருவர். 1956 ஆகஸ்ட் 7, பாஸ்டன் அணியின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க் நிரம்பி வழிகிறது. எதிரே நியூயார்க் யாங்கீஸ். பதினோராவது இன்னிங்ஸில் மிக்கி மேன்டில் தூக்கி அடித்த பந்தை வில்லியம்ஸ் நழுவவிட்டார். அரங்கம் முழுக்க ஊளை. அடுத்த பந்தை ஓடிப் பிடித்தார். அதே கூட்டம் அதே வாயால் கைதட்டி ஆரவாரம் செய்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சுக்குத் திரும்பும் வழியில் காலரியைப் பார்த்துத் துப்பினார். ஒருமுறை அல்ல.

கொஞ்ச நேரத்தில் அவரே பேட்டுடன் வந்து, பந்து அடிக்காமலே 'வாக்' வாங்கி வெற்றி ஓட்டத்தைச் சேர்த்தார். எதிரணி நான்கு பந்தைத் தவறாக வீசினால், அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம், அதுதான் 'வாக்'. தளங்கள் நிரம்பியிருந்ததால் முன்னால் நின்றவர் ஓட்டம் சேர்த்தார். அதுவும் பிடிக்காமல் பேட்டை வானத்தில் வீசினார். அடிக்க விடவில்லையே என்ற கோபம்! அபராதம் 5,000 டாலர். மறுநாள் ஹோம் ரன் அடித்துத் திரும்பியவர், கூட்டத்தின் முன்னால் உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். துப்பமாட்டேன் என்று அர்த்தம். சிரித்துவிட்டார்கள்.

ரசிகர்மேல் இந்த மனிதருக்கு மரியாதை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்தின்மேல்? 1941இல் சீசனின் கடைசி நாளன்று அவர் சராசரி, அதாவது வாய்ப்புக்கு எத்தனை வெற்றி அடி என்ற கணக்கு, .39955. பேசாமல் உட்கார்ந்திருந்தால் .400 என்று எழுதிக்கொள்ளலாம். அன்றைக்கு இரண்டு ஆட்டத்திலும் இறங்கி, எட்டு வாய்ப்பில் ஆறு அடித்து .406இல் முடித்தார். 1959இல் கழுத்து வலியோடு .254க்குச் சரிந்தபோது, அணி பழைய 1,25,000 டாலரையே நீட்டியது. இவ்வளவு சம்பளத்துக்கு நான் ஆடவில்லை என்று 90,000க்குக் குறைக்கச் சொன்னவர் இவர்தான். என் கணக்கில், துப்பிய வில்லியம்ஸ் ரசிகர் கொடுத்த காசுக்கு வஞ்சகம் செய்யவில்லை. ரெண்டனின் கோபத்தை நான் மன்னிப்பேன். அந்த அலுப்பைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஆட்டம் நீளம் என்று சலிக்கிற உரிமை, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது இன்னிங்ஸும் உட்கார்ந்திருக்கிறவருக்கே முதலில் உண்டு.

1960 செப்டம்பர் 28. ஃபென்வேயில் வில்லியம்ஸின் கடைசி ஆட்டம், வந்திருந்தவர்கள் 10,454 பேர்தான். கடைசி வாய்ப்பில் ஹோம் ரன், 521ஆவது. தலையைக் குனிந்தபடியே சுற்றி ஓடி உள்ளே போய்விட்டார். கூட்டம் எழுந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது. வெளியே வந்து, நன்றி என்பதுபோலத் தொப்பியைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். வரவில்லை.

முப்பத்தொரு வருஷம் கழித்து, 1991 மே மாதம், அதே மைதானத்தில் அவருக்கு ஒரு விழா. வயது எழுபத்திரண்டு. பேசி முடிக்கும்போது பைக்குள்ளிருந்து பாஸ்டன் அணித் தொப்பி ஒன்றை எடுத்துத் தலையில் வைத்தார். வைத்து, கழற்றி, காலரிப் பக்கம் உயர்த்திக் காட்டினார்.