மூடிய சுரங்கத்திலும் மோட்டார் ஓட வேண்டும்

அவையோர்க்கு வணக்கம்.

நிலக்கரிச் சுரங்கம் ஒன்றை மூடி, அதை நினைவுச்சின்னமாகக் காப்போம் என்று முடிவெடுத்தால், முதல் நிதி பெரும்பாலும் ஆளையும் கரியையும் கூண்டில் ஏற்றியிறக்கிய கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறது. என்னைக் கேட்டால் முதல் செலவு தண்ணீருக்கு. சுரங்கத்து நீரை இறைக்கும் பம்பை நிறுத்தினால் நீர்மட்டம் மெல்ல ஏறும். வெட்டியபோது காற்றுப்பட்ட பைரைட் என்ற இரும்பு-கந்தகத் தாதுவின் உப்புகளை அது கரைத்துக்கொண்டு வெளியேறி, பக்கத்து ஓடையையே செம்மஞ்சளாக்கிவிடும். நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்துக்கொண்டேதான் அங்கே வெட்டுகிறார்கள்.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. பம்புகள் இன்னும் ஓடுகின்றன. அடியில் நிலக்கரியை எடுத்ததால் சில இடங்களில் நிலம் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. மழைநீர் தானாக வடிய வழியில்லை. இந்தச் செலவுக்கென்றே 2007இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். முடிவுத் தேதி இல்லாத செலவு அது.

பிரிட்டனின் வேல்ஸில் பிளேனாவன் ஊரின் பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம் 1980இல் மூடி, 1983இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. பார்வையாளர்கள் கூண்டில் 90 மீட்டர் கீழே இறங்குகிறார்கள். அதனால் சுரங்கப் பாதுகாப்பு விதிகள் அங்கே இன்றும் செல்லும். தீப்பெட்டி, கைபேசி, பேட்டரி கடிகாரம் எல்லாவற்றையும் மேலேயே கொடுத்துவிட வேண்டும். காற்றில் நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் வெடிக்க ஒரு சிறு பொறி போதும். இப்படி ஆளிறக்கும் சுரங்கங்களில் கூண்டு தொங்கும் இரும்புக் கயிற்றின் முனையைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை வெட்டியெறிந்துவிட்டுப் புதிதாக முனை கட்டுவார்கள். கூண்டின் குலுக்கலெல்லாம் வந்து சேரும் இடம் அது. உள்ளிழைகளில் கிரீஸ் காய்ந்து துரு பிடித்தாலும் வெளியே தெரியாது.

கட்டடங்களுக்கு வேறொரு நோய். ரூர் பகுதியிலுள்ள எஸ்ஸன் நகரின் ட்சோல்ஃபெரைன் 12ஆம் சுரங்கம் 1932இல் இயங்கத் தொடங்கி 1986இல் நின்றது. 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் சுவர்கள் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே மெல்லிய செங்கல் வரிசை நிரப்பியவை. இப்படிப்பட்ட தொழிற்கூடத்தை மனிதர் உட்காரும் இடமாக்கி உள்ளே சூடேற்றினால், அறையின் ஈரம் குளிர்ந்த இரும்பில் நீராகப் படியும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். அந்தப் பருமன் செங்கல்லை வெளியே தள்ளும். ரிவெட் ஆணி அடித்த தகடுகளுக்கு இடையில் துரு புகுந்தால் ரிவெட்டின் தலையையே தெறிக்கவிடும். பெயின்ட் அடிப்பதற்கு முன் நீர் வடியும் துளைகளில் அடைத்திருக்கும் பறவை எச்சத்தையும் கரித்தூளையும் அள்ளுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், உலர்வாகச் சுரண்டாதீர்கள்.

பணம் பற்றவில்லையென்றால் பெயின்ட் இரண்டு மழைக்காலம் காத்திருக்கும். அலுவலக அலமாரியில் கிடக்கும் சுரங்க வரைபடங்கள் காத்திருக்காது. மூடிய வாரமே பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விடும். எந்த வீட்டுக்கு அடியில் வெற்றிடம் இருக்கிறது என்று பின்னால் சொல்ல அவற்றை விட்டால் வேறு ஆதாரம் கிடைக்காது.