கோபம் யார் மேல் இறங்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம். டென்னிஸைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஃபெடரரின் பேக்ஹேண்டைப் பற்றியோ, களிமண் தரையில் நடால் ஆடிய ஆட்டத்தைப் பற்றியோ பேசினால் எனக்கும் சுகம், உங்களுக்கும் சுகம். ஆனால் ரொம்ப காலமாக இந்த ஆட்டத்தைப் பார்த்துவரும் ரசிகை என்ற முறையில் என்னை விடாமல் உறுத்துவது வேறு விஷயம். நான் மனதார நேசிக்கும் ஆட்டக்காரர்கள் கோர்ட்டுக்குள் நடந்துகொள்ளும் விதம்தான் அது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபக்கார ஆட்டக்காரர்களை எனக்குப் பிடிக்கும். ரஷ்யாவின் மரட் சாஃபின் உடைத்த ராக்கெட்டுகளுக்குக் கணக்கே இல்லை. அவர் ஆடும் நாட்களில் நான் டிவி முன்னாலிருந்து எழுந்ததும் இல்லை. டென்னிஸ் ஆடுகிறவர் படும் பாடு எனக்குப் புரிகிறது. கிரிக்கெட்டில் அவுட்டானால் பெவிலியனுக்குப் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்காரலாம். கால்பந்தில் தவறு செய்தால் தட்டிக்கொடுக்கப் பத்துப் பேர் இருப்பார்கள். ஒற்றையர் டென்னிஸில் அப்படி யாரும் இல்லை. சுலபமான பந்தை வலையில் அடித்தவர் 25 வினாடிக்குள் அடுத்த சர்வீஸுக்குத் தயாராக வேண்டும். இப்படியே மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கால்பந்து மைதானத்தில் வீரர் எதைச் சொல்லித் திட்டினாலும் கூட்டத்தின் இரைச்சலில் அது கரைந்துபோகும். டென்னிஸில் சர்வீஸ் போடும்போது அரங்கமே மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறது. நடுவரின் நாற்காலியில் மைக் இருக்கிறது. முணுமுணுத்தால்கூட உலகத்துக்கே கேட்கும். இவர்கள் மற்ற ஆட்டக்காரர்களைவிட மோசமானவர்கள் என்று நமக்குத் தோன்றுவதில் பாதி, நம் காதில் எல்லாம் விழுவதால்தான்.

சரி, மீதிப் பாதிக்கு வருகிறேன்.

அமெரிக்க வீரர் ஜான் மெக்கன்ரோவை எடுத்துக்கொள்வோம். 1981 விம்பிள்டன் முதல் சுற்றிலேயே, கோட்டில் பட்ட பந்தை வெளியே என்று எப்படிச் சொல்லலாம், சுண்ணாம்புத் தூள் பறந்ததே என்று நடுவரைப் பார்த்துக் கத்தினார். அந்த வருடம் போர்க்கைத் தோற்கடித்துக் கோப்பையும் வென்றார். வெற்றியாளருக்கு வழக்கமாகத் தரும் கௌரவ உறுப்பினர் பதவியை அந்த ஆண்டு விம்பிள்டன் கிளப் அவருக்குத் தரவில்லை. 1984-இல் 82 ஆட்டங்களில் வென்று மூன்றே ஆட்டங்களில் தோற்றார். அந்த மூன்றில் ஒன்று பிரெஞ்சு ஓபன் இறுதி ஆட்டம். முதல் இரண்டு செட்டையும் வென்று முன்னணியில் இருந்தவர், ஒரு கேமராக்காரரின் ஹெட்போனிலிருந்து வந்த சத்தத்துக்கு எரிச்சலாகி, அதிலேயே போய்க் கத்தினார். அப்புறம் ஆட்டம் கைநழுவி லெண்டலிடம் போனது. இன்னொரு தோல்வி சின்சினாட்டியில், முதல் சுற்றில், நம் சென்னையின் விஜய் அமிர்தராஜிடம்!

கோபம் இருக்கும் இடத்தில்தான் குணம் இருக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். மெக்கன்ரோவுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கோபம் இல்லாவிட்டால் அந்தக் கைவண்ணமும் இருந்திருக்காதாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பதின்வயதில் ராக்கெட்டை வீசி எறிந்துகொண்டிருந்த ஃபெடரர் அந்தப் பழக்கத்தை விட்ட பிறகுதான் நாமறிந்த ஃபெடரர் ஆனார். நடால் ஆத்திரத்தில் ஒரு ராக்கெட்டைக்கூட உடைத்ததில்லை. அவருக்கு வெறி குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா?

என் மனதை இரண்டாகப் பிளந்த ஆட்டம் 2018 அமெரிக்க ஓபன் பெண்கள் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் செரீனா வில்லியம்ஸ். குழந்தை பெற்று ஒரு வருடம் கழித்து, மார்கரெட் கோர்ட்டின் 24 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை எட்டிப் பிடிக்க ஆடுகிறார். எதிர்ப்பக்கம் அவரையே பார்த்து வளர்ந்த 20 வயது நவோமி ஒசாகா. இரண்டாவது செட்டில், அரங்கில் இருந்த பயிற்சியாளர் செரீனாவுக்குச் சைகை காட்டினார் என்று நடுவர் கார்லோஸ் ராமோஸ் எச்சரித்தார்; அப்போது அது விதிமீறல். நான் ஏமாற்றி ஜெயிக்கிறவள் இல்லை என்று செரீனா வாதாடினார். அடுத்து ராக்கெட்டை உடைத்தார், ஒரு பாயின்ட் போனது. பாயின்ட்டைத் திருடிய திருடன் என்று நடுவரைச் சொன்னார், ஒரு முழு கேமே போனது. ஒசாகாவின் முன்னிலை 4-3-லிருந்து 5-3 ஆனது. ஒசாகா 6-2, 6-4 என்று வென்றார்.

அன்றைய விதிப்படி ராமோஸ் செய்தது சரி. சைகை காட்டியதைப் பயிற்சியாளரே பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் செரீனாவின் குமுறலிலும் நியாயம் இருந்தது. இதைவிட மோசமாகப் பேசிய ஆண்களை நடுவர்கள் கண்டும் காணாமல் விட்டிருக்கிறார்கள் என்றார் அவர். அதே போட்டியில், திருப்பிப் போட்டிருந்த சட்டையைக் கோர்ட்டில் சட்டென்று கழற்றி மாற்றியதற்காக பிரெஞ்சு வீராங்கனை அலிஸே கோர்னேவுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். ஆண்கள் வெற்றுடம்போடு உட்கார்ந்து விசிறிக்கொள்வதைத் தினமும் பார்க்கிறோம். போட்டி நிர்வாகமே மறுநாள் அதற்கு வருத்தம் தெரிவித்தது. அதே போட்டியில், மனம் விட்டுப்போய் ஆடிய ஆஸ்திரேலிய வீரர் கிர்கியோஸிடம் நாற்காலியை விட்டு இறங்கிப் போய், உங்களுக்கு உதவத்தான் பார்க்கிறேன் என்று தேற்றினார் இன்னொரு நடுவர், முகமது லஹ்யானி. அவரைப் பிறகு இரண்டு போட்டிகளுக்கு நிறுத்திவைத்தார்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், எனக்கு மட்டும் ஏன் என்று செரீனா கேட்டதை வெறும் சாக்கு என்று என்னால் தள்ள முடியவில்லை.

ஆனாலும் பரிசளிப்பில் கூட்டம் கூச்சல் போட, முதல் கிராண்ட்ஸ்லாம் வென்ற அந்தப் பெண் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். ஆட்டம் இப்படி முடிந்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்டாள்! கூச்சல் போடாதீர்கள் என்று கூட்டத்தை அடக்கியதும் செரீனாதான். கொஞ்ச நேரம் முன்னால் கோபத்தில் கொதித்த அதே செரீனா. இவரை நான் எந்தப் பக்கம் வைப்பது? பெண்ணுக்கு ஒரு நீதி, ஆணுக்கு ஒரு நீதி என்று அவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அன்று அதற்கு விலை கொடுத்தவள் ஒசாகா என்பதையும் மறக்க மாட்டேன்.

இங்கேதான் எனக்கு ஒரு கோடு தெரிகிறது. ராக்கெட் அவர்களுடையது, உடைத்துக்கொள்ளட்டும். தன்னைத் தானே திட்டிக்கொள்ளட்டும். கோபம் பதில் பேச முடியாதவர்கள் மேல் இறங்கும்போதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. கோட்டோரம் நிற்கும் லைன் நடுவர், பந்து எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள், நாற்காலியில் இருக்கும் நடுவர். இவர்கள் திருப்பிக் கத்த முடியாது.

2020 அமெரிக்க ஓபனில் சர்வீஸைப் பறிகொடுத்த எரிச்சலில் ஜோகோவிச் பார்க்காமலே பின்னால் தட்டிய பந்து, ஒரு பெண் லைன் நடுவரின் தொண்டையில் பட்டது. வேண்டுமென்று அடிக்கவில்லைதான். ஆனாலும் உலகின் முதல்நிலை வீரரை அந்தக் கணமே போட்டியை விட்டு அனுப்பினார்கள். அது சரியான தீர்ப்பு. அதற்குப் பிறகு நடந்ததுதான் அசிங்கம். ஜோகோவிச்சின் ரசிகர்கள் சிலர் சமூக வலைதளங்களில் அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தார்கள். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவருக்கு ஆதரவாக இருங்கள் என்று ஜோகோவிச்சே எழுத வேண்டியிருந்தது. வீரர்களின் நடத்தையைப் பற்றிப் பேசும்போது, ரசிகர்களான நம் நடத்தையும் கூடவே வந்து நிற்கிறது.

2022-இல் மெக்சிகோவின் அகாபுல்கோவில் இரட்டையர் ஆட்டத்தில் தோற்ற ஜெர்மன் வீரர் ஸ்வெரெவ், நடுவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் காலுக்குப் பக்கத்திலேயே ராக்கெட்டால் திரும்பத் திரும்ப அடித்தார். போட்டியிலிருந்து நீக்கினார்கள், 40,000 டாலர் அபராதம் போட்டார்கள். ஆனால் எட்டு வாரத் தடையை நிறுத்திவைத்தார்கள். அடுத்த பெரிய போட்டியில் அவர் வழக்கம்போல ஆடினார். அந்த நடுவருக்கு அதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்? 2018-இல் செரீனாவுக்கு விதித்த அபராதம் 17,000 டாலர். இரண்டாம் இடத்துக்கு அவருக்குக் கிடைத்த பரிசு 18 லட்சத்து 50,000 டாலர். இந்தத் தொகை யாருக்கு உறைக்கும்?

இப்போது லைன் நடுவர்களே குறைந்துகொண்டு வருகிறார்கள். 2025-இல் விம்பிள்டனும் அவர்களை எடுத்துவிட்டு மின்னணு முறைக்கு மாறியது. இனி சண்டை இருக்காது என்று நினைத்தோம். அந்த முதல் வருடமே, சென்டர் கோர்ட்டில் ஒரு பக்கம் கருவி தவறுதலாக அணைக்கப்பட்டிருந்ததால், ரஷ்ய வீராங்கனை பாவ்லுசென்கோவாவின் எதிராளி அடித்து வெளியே விழுந்த பந்து அறிவிக்கப்படவில்லை. பாயின்ட்டை மறுபடி ஆடச் சொன்னார்கள். கேமைப் பறிகொடுத்த பாவ்லுசென்கோவா, என்னிடமிருந்து கேமைத் திருடிவிட்டார்கள் என்று நாற்காலி நடுவரிடம்தான் முறையிட்டார். அவருடைய ஆத்திரம் நியாயமானது. ஆனால் கருவியின் தவறுக்கும் அந்த ஒரு மனிதர்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், ராக்கெட்டை உடைப்பதற்குக் கொடுக்கும் தண்டனையை எடுத்துவிடலாம். நடுவரையோ பந்து எடுக்கும் பிள்ளையையோ இழிவாகப் பேசினால் அபராதத்தோடு நிறுத்தாமல் தரவரிசைப் புள்ளிகளைக் குறைக்கலாம். ஆட்டத்தின் நடுவே ஒரு கேமைப் பறித்தால் எதிராளியின் வெற்றியும் கறைபடுகிறது, ஒசாகாவுக்கு நடந்தது போல. புள்ளியைக் குறைத்தால் வலி தப்பு செய்தவருக்கு மட்டும்தான். முதல் இடத்தில் இருப்பவருக்கும் நூறாவது இடத்தில் இருப்பவருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒரே அளவாக இருக்க வேண்டும். செரீனா கேட்டதும் அதைத்தானே?

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.