தப்பியவருக்குத் தப்பியவர் துணை

வணக்கம். 2019 அக்டோபர் 9, யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர். ஜெர்மனியின் ஹாலே நகர ஜெப ஆலயத்துக்குள் துப்பாக்கியோடு நுழையப் பார்த்தான் ஒரு வலதுசாரித் தீவிரவாதி. கதவு தாங்கிவிட்டது. தெருவில் போன ஒரு பெண்ணையும், அருகிலிருந்த கெபாப் கடையில் ஓர் இளைஞரையும் சுட்டுக் கொன்றான். தப்பியோடும்போது சோமாலியாவிலிருந்து வந்த ஒருவரைக் காரால் மோதினான்.

ஜெர்மன் சட்டப்படி, கொலை முயற்சிக்கு ஆளானவரும் கொல்லப்பட்டவரின் நெருங்கிய உறவினரும் வழக்கில் துணை வாதியாகச் சேரலாம். வழக்கறிஞர் மூலம் கோப்பைப் பார்க்கலாம், சாட்சியைக் கேள்வி கேட்கலாம், கடைசியில் உரையும் ஆற்றலாம். இத்தகைய வழக்குகளில் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும். 2020இல் மக்டெபர்க் நகரில் நடந்த ஹாலே வழக்கு விசாரணையில் 43 பேர் அப்படிச் சேர்ந்தார்கள்.

ஆனால் யார் எந்தக் குற்றத்துக்கு ஆளானவர் என்பதை முடிவு செய்வது நீதிமன்றம். காரால் மோதப்பட்டவர் விஷயத்திலும், அன்று தெருவில் சூட்டிலிருந்து தப்பி, பின்னாளில் அந்தக் கெபாப் கடையை ஏற்று நடத்தியவர் விஷயத்திலும் கொலை முயற்சி என்பதைத் தீர்ப்பு ஏற்கவில்லை. ஜெப ஆலயத்தில் உயிர் தப்பியவர்களோ இந்த இருவருக்காகவும் நீதிமன்றத்தில் குரல் கொடுத்தார்கள். கடை நொடித்துப் போகாமலிருக்க யூத மாணவர் ஒன்றியம் நிதி திரட்டியது. ஆறுதல் வார்த்தையைவிட வாடகைப் பணம் சில நேரம் பெரிய உதவி.

ஜெர்மனியின் ஹனாவ் நகரில் கதை வேறு. 2020 பிப்ரவரி 19 அன்று இனவெறியால் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். கொலையாளி தன் தாயையும் கொன்று, தானும் செத்துப்போனான். குற்றவாளி இறந்தால் அவன்மீது வழக்கில்லை, வழக்கில்லாவிட்டால் துணை வாதியும் இல்லை. எனவே குடும்பங்கள் நகர மையத்தில் ஓர் இடம் பிடித்துக் கூடினார்கள். கொலை நடந்த பாரின் அவசர வழி பூட்டியிருந்ததா, போலீஸ் அவசர எண்ணான 110க்கு வந்த அழைப்புகள் ஏன் எடுக்கப்படவில்லை என்று விடாமல் கேட்டார்கள். சுயேச்சை ஆய்வாளர்களை அமர்த்தினார்கள். 2021இல் அந்த நகரம் இருக்கும் ஹெஸ்ஸன் மாநிலச் சட்டமன்றம் விசாரணைக் குழு அமைத்தது.

இப்படிக் கூடுபவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். சாட்சி சொல்லி முடியும்வரை சம்பவத்தின் விவரங்களைத் தங்களுக்குள் பேசக் கூடாது. கேட்டதும் கண்டதும் கலந்துவிடும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். நினைவிருப்பதை அவரவர் தனியாக, தேதியிட்டு எழுதி வைப்பது நல்லது. தூக்கமின்மை, வேலைக்கு விடுப்பு, பயணச் செலவு, பத்திரிகையாளர்களை எப்படி மறுப்பது என்பதையெல்லாம் தாராளமாகப் பேசலாம். நீதிமன்றத்துக்கு உடன்வரும் உளவியல் துணையாளர்களும் சம்பவத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 2017 முதல் கடுமையான குற்றங்களில் நீதிமன்றம் நியமித்தால் அவர்களுடைய உதவி இலவசம்.

பாதிக்கப்பட்டோர் ஆலோசனை மையங்களுக்குப் போகப் போலீஸ் புகார் தேவையில்லை. நகராட்சிக்கு எழுத்தில் ஒரு கேள்வியும் அனுப்புங்கள்: எங்கள் பெயருக்குக் கடிதம் ஏதும் வந்ததா? 1992இல் மோல்ன் நகரில் துருக்கியக் குடும்பங்களின் வீடுகளுக்கு இனவெறியர்கள் தீவைத்த பின் அந்தக் குடும்பங்களுக்கு வந்த நூற்றுக்கணக்கான ஆதரவுக் கடிதங்கள் பல பத்தாண்டுகள் நகர ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தன.