பிரசவத்துக்கு அப்புறம் ஓட்டம்: மூச்சு முந்தும், இடுப்பு பிந்தும்

[திரையில்: இருட்டு, பனி, மலைப்பாதையில் ஒற்றைத் தலைவிளக்கு]

2019 ஜனவரி. இங்கிலாந்துல தொடங்கி ஸ்காட்லாந்து எல்லையில முடியுற ஸ்பைன் ரேஸ். கிட்டத்தட்ட 431 கிலோமீட்டர். ஜாஸ்மின் பாரிஸ் அதை 83 மணி 12 நிமிஷத்துல முடிச்சாங்க. ஆண்களையும் சேர்த்து முதலிடம். அதுவரைக்கும் இருந்த சாதனையை விட 12 மணி நேரம் குறைவு. நடுவுல இருந்த முகாம்கள்ல உட்கார்ந்து தாய்ப்பால் பீச்சி எடுத்திருக்காங்க. அவங்க தொழில்முறை ஓட்டக்காரர் இல்ல, கால்நடை மருத்துவர்.

இதைக் கேட்டதும் ஷூவைத் தேடுற அம்மாக்கள் நிறைய. கொஞ்சம் பொறுங்க. அப்போ அவங்க குழந்தைக்கு 14 மாசம். 83-ங்கிற எண்ணை விட இந்த 14 உங்களுக்கு முக்கியம்.

[திரையில்: இடுப்பு எலும்புக்கூடு, அடியில் தொட்டில் மாதிரி தசை]

பிரசவத்துக்கு அப்புறம் மூச்சும் இதயமும் சீக்கிரமே தேறிடும். ஆறாவது வாரத்துல நடந்தா மூச்சு வாங்காது, அதனால "ஓடலாமே"ன்னு தோணும். ஆனா சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூணையும் கீழிருந்து தாங்குற இடுப்புத்தளத் தசை, சுகப்பிரசவத்துல ரெண்டு மடங்குக்கும் மேல இழுபட்டிருக்கும். அது தேற 4-லிருந்து 6 மாசம் ஆகும். சிசேரியன்னா வெளித்தையல் ஆறினது கண்ணுக்குத் தெரியும். உள்ள இருக்கிற வயித்துச் சுவர் ஆறு வாரத்துல பழைய பலத்துல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வந்திருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உங்க எடையைப் போல ஒன்றரையிலிருந்து இரண்டரை மடங்கு விசை தரையிலிருந்து மேல வருது. அதை வாங்கிக்க வேண்டியது இந்தத் தசைதான்.

அதனாலதான் 2019-ல பிரிட்டன் பிசியோதெரபிஸ்டுகள் வெளியிட்ட வழிகாட்டி, மூணு மாசத்துக்கு முன்னாடி ஓடவே வேண்டாம்னு சொல்லுது. மூணு மாசம் ஆயிடுச்சுங்கிறதுக்காக ஓடிடலாம்னும் அர்த்தமில்ல. பரீட்சை இருக்கு.

[திரையில்: ஒற்றைக்கால் குந்தல், மெதுவாக]

30 நிமிஷம் வேகமா நடங்க. ஒற்றைக்கால்ல 10 விநாடி நில்லுங்க. ஒற்றைக்கால் ஸ்குவாட், ஒவ்வொரு பக்கமும் 10. நின்ன இடத்துலயே ஒரு நிமிஷம் ஜாகிங். முன்னால பாய்ஞ்சு பாய்ஞ்சு 10 தாவல். நின்ன இடத்துலயே ஒற்றைக்கால் குதி, ஒரு காலுக்கு 10. இதுல எங்கயாவது சிறுநீர் கசிஞ்சா, கீழ ஏதோ இறங்குற மாதிரி கனமா இருந்தா, இடுப்புலயோ தையல்லயோ வலிச்சா, அங்கயே நிறுத்துங்க. நின்னுபோன உதிரப்போக்கு மறுபடி வந்தாலும் அப்படித்தான். "குழந்தை பெத்தா கசியத்தான் செய்யும்"னு பெரியவங்க சொல்வாங்க. நிறைய பேருக்கு வர்றதுதான், ஆனா சகிச்சுக்கிட்டே இருக்க வேண்டிய விஷயம் இல்ல. பெண்கள் நலம் பார்க்கிற பிசியோகிட்ட போங்க, பெரும்பாலும் சரியாகும்.

இப்போ அந்தத் தசைக்குப் பயிற்சி. பலரும் தப்பு பண்றது இங்கதான், அதனால பொறுமையா பாருங்க. மல்லாந்து படுத்து முட்டியை மடக்குங்க. வாயுவை அடக்குற மாதிரி பின்னாலிருந்து ஆரம்பிச்சு, சிறுநீரை அடக்குற மாதிரி முன்னால வரைக்கும் உள்ள, மேல இழுங்க. புட்டம் இறுகக் கூடாது, தொடை சேரக் கூடாது, மூச்சு நிக்கக் கூடாது. 6-லிருந்து 8 விநாடி பிடிச்சு, முழுசா விடுங்க. 8-லிருந்து 12 தடவை. அப்புறம் சட்டுசட்டுன்னு இழுத்து விடுறது 10. முழுசா விடாம விட்டா தசை எப்பவும் இறுகியே கிடக்கும். இறுகின தசை அதிர்ச்சியை வாங்காது, அதனாலயும் கசியும். இன்னொண்ணு: சிறுநீர் கழிக்கும்போது நடுவுல நிறுத்திப் பழகாதீங்க. பை முழுசா காலியாகாது.

வயித்துத் தசை நடுக்கோட்டுல ரெண்டா பிரிஞ்சிருக்கான்னும் பாருங்க. படுத்தபடியே தலையை மட்டும் தூக்கி, தொப்புளுக்கு மேல விரலை வையுங்க. நடுவுல கூம்பு மாதிரி புடைச்சா இப்போதைக்கு சிட்-அப் வேண்டாம்.

[திரையில்: கடிகாரம், ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை]

பரீட்சை பாஸா? வாரம் மூணு நாள், நடுவுல ஒரு நாள் இடைவெளி. ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, எட்டு சுற்று. அன்னைக்கும் மறுநாளும் தொந்தரவு இல்லைன்னா அடுத்த வாரம் ஓட்டத்துல ஒரு நிமிஷம் கூட்டுங்க. வேகத்தைத் தொடாதீங்க. நேரம் முதல்ல, மேடு அப்புறம், வேகம் கடைசி. ராத்திரி நாலு தடவை எழுந்த மறுநாள் நடை மட்டும் போதும். தூங்காத உடம்புல காயம் சுலபமா வரும்.

தாய்ப்பால் கொடுக்கிறவங்க, கிளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கொடுத்துடுங்க இல்லைன்னா பீச்சிடுங்க. மார்பு லேசா இருந்தா ஓட்டம் நல்லா இருக்கும். பிரா தாங்கணும், நசுக்கக் கூடாது. ரொம்ப இறுக்கினா பால் கட்டி, சிவந்து, காய்ச்சல் வரைக்கும் போகும். வீட்டுக்கு வந்ததும் ஈர பிராவை மாத்திடுங்க. ஓடினா பால் புளிக்கும்னு ஒரு பயம் உண்டு. மிதமான ஓட்டத்துல அப்படி எதுவும் ஆகாது.

சாப்பாட்டைக் குறைக்காதீங்க. தாய்ப்பாலுக்கே ஒரு நாளைக்கு 400, 500 கலோரி போகுது, ஓட்டத்துக்கு அதுக்கு மேல. பால் கொடுக்கும்போது மாதவிடாய் வராம இருக்கிறது சகஜம்ங்கிறதால, உடம்புக்குச் சாப்பாடு பத்தலைங்கிற எச்சரிக்கையும் மறைஞ்சுபோகும். முதல்ல தெரியுறது பெரும்பாலும் ஆறாத கால் எலும்பு வலி. ஓய்வெடுத்தும் தீராத அசதின்னா, இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்துடுங்க.

[திரையில்: பழைய கறுப்பு-வெள்ளை ஓடுதளம்]

சீக்கிரம் திரும்பினவங்களும் இருக்காங்க. நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபேனி பிளாங்கர்ஸ்-கூன் 1946-ல மகளைப் பெத்து ஆறே மாசத்துல ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல தங்கம் ஜெயிச்சாங்க. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல 30 வயசு, ரெண்டு குழந்தை, நாலு தங்கம். ஓட்டத்துக்குக் காசு வாங்காத அமெச்சூர்கள் மட்டுமே ஓடின காலம் அது. வயசாச்சு, குழந்தைகளைப் பாருங்கன்னு எழுதினவங்க உண்டு. அவங்க குழந்தைகளையும் கூட்டிக்கிட்டே பயிற்சிக்குப் போனாங்க.

உங்களுக்கும் குழந்தையோட ஓட ஆசையா? தள்ளுவண்டியில வெச்சு ஓட, குழந்தைக்குக் குறைஞ்சது ஆறு மாசமாவது ஆகி, தலை நல்லா நின்னிருக்கணும். ஓட்டத்துக்குன்னே செஞ்ச மூணு சக்கர வண்டியா இருக்கட்டும், முன்சக்கரம் பூட்டியிருக்கட்டும். ரெண்டு கையும் கைப்பிடியிலயே இருந்தா முதுகு வளைஞ்சு இடுப்பு பூட்டிக்கும். ஒரு கையால தள்ளி, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கை மாத்துங்க. கைப்பிடியில தொங்குற பட்டையை மணிக்கட்டுல மாட்டின பிறகுதான் முதல் அடி.