எருசலேமிலிருந்து யாரும் புறப்படவில்லை

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரு அணி நண்பர்களுக்கும், வீட்டில் பலகார வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற சபையார் அனைவருக்கும் என் வணக்கம்.

"கிறிஸ்து பிறப்பில் மேலோங்கி நிற்பது வாக்குத்தத்தத்தின் நிறைவேற்றமா, எதிர்பாராத இரக்கமா?" இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணியில் முதலில் பேசிய அண்ணன், பெத்லகேமிலிருந்து ஓர் ஆளுகிறவர் வருவார் என்று தீர்க்கதரிசி சொன்ன மீகா 5:2-ஐ எடுத்து வைத்தார். ஊர்ப்பெயர் முதற்கொண்டு பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியாகிவிட்டது, எழுதியபடியே நடந்தது, இதில் எதிர்பாராதது எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவருக்குப் பின் வந்த அக்கா ஏசாயா 7:14-ஐயும் பிலேயாமின் நட்சத்திரத்தையும் காட்டிவிட்டு, போகிற போக்கில் ஒரு கடினமான கேள்வியையும் வீசிவிட்டுப் போனார். அதற்கும் வருகிறேன்.

அவர்கள் காட்டிய வசனங்களில் ஓர் எழுத்தைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. அதே வசனங்களைத்தான் நானும் திறக்கப் போகிறேன்.

முதலில் மீகா. அந்த வசனத்தைக் கிறிஸ்து பிறந்த காலத்தில் யார் வாசித்துக் காட்டினார்கள்? மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் எருசலேமில் நின்று, யூதருக்கு ராஜாவாகப் பிறந்தவர் எங்கே என்று கேட்கிறார்கள். ஏரோது ராஜா கலங்கிப் போகிறான். பிரதான ஆசாரியர்களையும் வேதபாரகர்களையும் கூட்டுகிறான். அவர்கள் தடுமாறவே இல்லை. பெத்லகேம் என்று பட்டென்று சொல்கிறார்கள், மீகாவின் வசனத்தையும் எடுத்துச் சொல்கிறார்கள். சரியான விடை, முழு மதிப்பெண்.

அப்புறம் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. எருசலேமிலிருந்து பெத்லகேம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். வசனம் தெரிந்தவர்களில் ஒருவர் அந்த வழியில் கால் வைத்ததாக மத்தேயு எழுதவில்லை. போனவர்கள் யார்? மீகா யார் என்றே தெரியாத அந்நியர்கள். வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள். நட்சத்திரம் பார்ப்பதை இஸ்ரவேலின் வேதம் ஓர் இடத்தில்கூட மெச்சியதில்லை. அப்படிப்பட்டவர்களை, அவர்களுக்குத் தெரிந்த அந்த ஒரே பாஷையில், ஒரு நட்சத்திரத்தைக் கொண்டே தேவன் அழைத்துவிட்டார். எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் உட்கார்ந்தபடியே இருந்தார்கள், எதிர்பாராதவர்கள் பிள்ளையைப் பணிந்துகொண்டார்கள். நடுவர் ஐயா, எதிரணி கொண்டு வந்த முதல் சாட்சியே எங்கள் பக்கம் சாட்சி சொல்கிறது.

அடுத்தது ஏசாயா 7:14. "இதோ, ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி" என்ற அந்த வசனத்தை டிசம்பர் மாதம் முழுக்கப் பாடுகிறோம், வாழ்த்து அட்டையில் அச்சடிக்கிறோம், பிள்ளைகளுக்கு மனப்பாட வசனமாகக் கொடுக்கிறோம். அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று மேலே இருக்கிற பதின்மூன்று வசனங்களையும் வாசித்துப் பார்க்க வேண்டும். சொல்லப்பட்டது ஆகாஸ் ராஜாவுக்கு.

ஆகாஸ் யார்? தாவீதின் சிங்காசனத்தில் உட்கார்ந்த மோசமான ராஜாக்களில் ஒருவன். தன் சொந்தக் குமாரனைத் தீக்கடக்கப் பண்ணினவன் என்று இரண்டாம் ராஜாக்கள் பதினாறாம் அதிகாரம் சொல்கிறது. சீரியாவின் ராஜா ரேத்சீனும் இஸ்ரவேலின் ராஜா பெக்காவும் சேர்ந்துகொண்டு எருசலேமின் மேல் படையெடுத்து வருகிறார்கள். செய்தி வந்ததும் அவன் இருதயமும் அவன் ஜனத்தின் இருதயமும் காட்டு மரங்கள் காற்றில் அசைவதுபோல அசைந்ததாம். அந்த நேரத்தில் தேவன் ஏசாயாவை அனுப்புகிறார். எங்கே? ஆலயத்துக்கு இல்லை. வண்ணார்துறைக்குப் போகிற வழியில், மேற்குளத்து மதகு முடிகிற இடத்துக்கு. அங்கே ஏசாயா தன் மகனையும் கூட்டிக்கொண்டு போய் ஆகாசைச் சந்திக்கிறார். முற்றுகை வந்தால் ஊருக்குத் தண்ணீர் வேண்டுமே, அதைப் பார்க்கத்தான் ராஜா அங்கே போயிருப்பான் என்று நான் நினைக்கிறேன். பயந்து போன ஒரு மனிதன், ஒரு குளத்து மதகு, துணி துவைக்கிற துறைக்குப் போகிற பாதை. அங்கே வைத்துத் தேவன் அவனுக்கு நம்பிக்கை சொல்கிறார். இன்னும் ஒரு படி மேலே போய், பாதாளத்திலிருந்தாகிலும் உன்னதத்திலிருந்தாகிலும் ஓர் அடையாளம் கேட்டுக்கொள் என்கிறார்.

ஆகாஸ் கேட்க மாட்டேன் என்றுவிட்டான். கர்த்தரைப் பரீட்சை பார்க்க மாட்டேன் என்று பக்தி வேஷம் போட்டான். ஆனால் அவன் மனம் அசீரியாவின் பக்கம் இருந்தது. தேவாலயத்திலே இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரிய ராஜாவுக்குக் காணிக்கையாக அனுப்பி, நான் உம்முடைய அடியான், உம்முடைய குமாரன் என்று சொல்லி அனுப்பினவன் அவன். ஆபத்துக்கு யாரை அப்பா என்று கூப்பிட்டான் பாருங்கள்!

அப்படிப்பட்டவனுக்கு, கேட்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவனுக்கு, "ஆதலால் ஆண்டவர் தாமே உங்களுக்கு ஒரு அடையாளத்தைக் கொடுப்பார்" என்று வருகிறது. அந்தக் கன்னிகையின் பிள்ளைக்கு இடப்படும் இம்மானுவேல் என்ற பெயரை உலகம் முதலில் கேட்டது அங்கேதான். எதிரணி நண்பர்களே, நீங்கள் நிறைவேறிய வாக்குத்தத்தத்தைப் பேசுகிறீர்கள். அந்த வாக்குத்தத்தம் கொடுக்கப்பட்ட விதத்தைப் பாருங்கள் என்கிறேன் நான். அதைப் பெறத் தகுதியுள்ளவன் அங்கே ஒருவனும் இல்லை, கேட்டவனும் இல்லை. வாக்குத்தத்தம் பிறந்ததே எதிர்பாராத இரக்கத்தின் வயிற்றில்தான்.

பிலேயாமின் நட்சத்திரத்தைப் பற்றி ஒரே வரி. யாக்கோபிலிருந்து ஒரு நட்சத்திரம் உதிக்கும் என்ற வார்த்தை, இஸ்ரவேலைச் சபிப்பதற்காக மோவாபின் ராஜா பாலாக் கூலி பேசிக் கூட்டி வந்தவன் வாயிலிருந்து வந்தது. இதை எதிர்பார்த்தவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

மோவாப் என்றதும் நான் மத்தேயு முதல் அதிகாரத்துக்கு வந்தாக வேண்டும். வம்ச அட்டவணை. ஆராதனையில் வாசிக்க வேண்டி வந்தால் பெயர்களை வேகமாகத் தள்ளிக்கொண்டு போவோம், பலர் பதினெட்டாம் வசனத்திலிருந்துதான் கிறிஸ்துமஸ் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். எனக்கு அந்த அட்டவணைதான் கிறிஸ்துமஸின் முதல் பாட்டு.

தகப்பன் பெயர்களாக அடுக்கிக்கொண்டு வருகிற மத்தேயு, இடையிலே நான்கு பெண்களை நிறுத்துகிறார். சாராளைச் சொல்லவில்லை, ரெபெக்காளைச் சொல்லவில்லை. மாமனாரிடமே பிள்ளை பெற்ற தாமாரைச் சொல்கிறார். எரிகோவின் வேசி ராகாபைச் சொல்கிறார். மோவாபிய ரூத்தைச் சொல்கிறார். நான்காவது பெண்ணைப் பெயர் சொல்லாமல், உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று எழுதுகிறார். உரியாவின் மனைவியை எடுத்துக்கொள்ளத் தாவீது ராஜா செய்த கொலையை வம்ச அட்டவணையிலேயே பதித்து வைத்துவிட்டார் மனிதர். நம் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது எந்தப் பெயர்களைப் போடுவது, எவற்றை விட்டுவிடுவது என்று எவ்வளவு யோசிக்கிறோம்! இரட்சகரின் குடும்பப் பட்டியலில் மறைக்க வேண்டியவை என்று நாம் நினைப்பவை எல்லாம் முன்வரிசையில் இருக்கின்றன.

இதில் ரூத்திடம் கொஞ்சம் நிற்க வேண்டும். மோவாபியன் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23 சொல்கிறது. ரூத் மோவாபியப் பெண், விதவை, கையில் ஒன்றுமில்லாமல் மாமியாரோடு வந்து சேர்ந்தவள். வந்து சேர்ந்த ஊர் எது? பெத்லகேம். வாற்கோதுமை அறுப்பு தொடங்குகிற நேரம். அறுக்கிறவர்களின் பின்னாலே போய்ச் சிந்தின கதிரைப் பொறுக்குகிறாள். வயலின் சொந்தக்காரன் போவாஸ் வந்து பார்க்கிறான். அவள் யார் என்று விசாரிக்கிறான். பிறகு தன் வேலையாட்களிடம் ஒன்று சொல்கிறான். அவளுக்காக அரிகளிலே சிலவற்றை வேண்டுமென்றே சிந்தவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அதட்டாதீர்கள் என்கிறான். பிச்சை போடுகிறது அவளுக்குத் தெரியக்கூடாது, அவள் உழைத்து எடுத்ததாகவே இருக்க வேண்டும். என்ன நுணுக்கமான இரக்கம்!

இந்த நுணுக்கம் போவாசுக்கு எங்கிருந்து வந்தது? மத்தேயுவிடம் கேளுங்கள். போவாசை ராகாபினிடத்தில் சல்மோன் பெற்றான் என்கிறார். ஒரு அந்நியப் பெண்ணுக்குக் கிடைத்த இரக்கத்தில் பிறந்த வம்சம், இன்னொரு அந்நியப் பெண்ணுக்குக் கதிரைச் சிந்தவிடுகிறது. பத்தாம் தலைமுறை வரை வாசல் அடைத்திருந்தவளின் கொள்ளுப்பேரன் தாவீது ராஜாவாகிறான். மீகா சொன்ன பெத்லகேம் இந்தப் பெத்லகேம்தான், அண்ணே. அந்த ஊரின் பெயருக்குப் பின்னால் ஒரு மோவாபியப் பெண்ணின் பசி இருக்கிறது.

யோசேப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிச்சயித்த பெண் கர்ப்பமாயிருக்கிறாள் என்று தெரிகிறது. தூதன் இன்னும் வரவில்லை, விளக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த நிலையிலேயே அவளை அவமானப்படுத்த மனதில்லாமல், இரகசியமாய்த் தள்ளிவிட யோசிக்கிறான். மரியாளின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு காட்டிய இரக்கம் அல்ல இது. தூதனே அதற்குப் பிறகுதான் வருகிறான். அந்த மனிதனின் வீட்டில் வளர்வதற்குத்தான் பிள்ளை அனுப்பப்படுகிறார்.

இனி அக்காவின் கேள்வி. "இரக்கம் என்கிறீர்களே, ஏரோது வெட்டிக் கொன்ற பெத்லகேம் பிள்ளைகளுக்கு எங்கே இரக்கம்?" என்று கேட்டார். கைதட்டல் வாங்குவதற்காகக் கேட்ட கேள்வி அல்ல அது, எனக்குத் தெரியும். என்னிடம் அதற்கு முழு விடை இல்லை, இருக்கிறது என்று இந்த மேடையில் நடிக்கவும் மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். மத்தேயு அந்த அழுகையை மறைக்கவில்லை. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது, ஆறுதலடையாதிருக்கிறாள் என்று எழுதி, ஆறுதலடையாத அந்தத் தாயை அப்படியே விட்டிருக்கிறார். அவளைச் சமாதானப்படுத்த ஒரு வசனத்தைத் தேடி ஒட்டவில்லை. இரட்சகரும் அந்தக் கொலைக்குச் சற்று முன்பு, ஓர் இரவில் தாயின் மடியில் அகதியாக ஓடுகிறார். எங்கே ஓடுகிறார்? எகிப்துக்கு. எபிரெயரின் ஆண்பிள்ளைகளை நதியில் போடச் சொன்ன பார்வோனின் தேசம் அது. இப்போது எருசலேமின் ராஜா பிள்ளைகளைக் கொல்கிறான், எகிப்து ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறது. மோசேயின் கதை தெரிந்த எந்த யூதனும் இப்படி ஒரு திருப்பத்தை யோசித்திருக்க மாட்டான்.

நம் கரைக்கும் அந்த அழுகை வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலை. நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் கடலூர்க் கரையிலும் சுனாமி எடுத்துக்கொண்டு போனவர்களுக்காக அழுத தாய்மார்களிடம் யாரும் விளக்கம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அன்று கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். சுற்றுவட்டார மீனவக் கிராமங்களிலிருந்து ஓடி வந்தவர்களுக்கு அந்த ஊர் முஸ்லிம் ஜமாஅத் சோறு சமைத்துப் போட்டது, தங்க இடம் கொடுத்தது. வந்தவர்கள் இந்துக்கள், வரவேற்றவர்கள் முஸ்லிம்கள். இதை நான் கிறிஸ்தவ மேடையில் நின்று சொல்கிறேன். அந்த வாரத்தில் கிறிஸ்துமஸ் செய்தியைச் செய்து காட்டியவர்கள் அவர்கள்.

மணி அடித்துவிட்டார்கள். சிமியோனோடு முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் எதிரணியின் அடுத்த பேச்சாளர் அவரைத்தான் கையில் எடுப்பார். இரட்சகரைக் காணக் காத்திருந்தார், கண்டார், ஆகவே எதிர்பார்ப்பு நிறைவேறியது என்பார். சரி, அந்தக் காட்சிக்குள் போவோம். யோசேப்பும் மரியாளும் பிள்ளையை ஆலயத்துக்குக் கொண்டு வருகிறார்கள். பலிக்குக் கொண்டு வந்தது காட்டுப்புறா ஒரு ஜோடியோ புறாக்குஞ்சுகள் இரண்டோ. ஆட்டுக்குட்டி கொண்டுவரச் சக்தியில்லாதவர்களுக்கு லேவியராகமம் 12 கொடுத்திருக்கிற சலுகை அது. சிமியோன் அந்த ஏழைப் பிள்ளையைக் கையில் ஏந்தி, இஸ்ரவேலின் மகிமை என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, புறஜாதிகளுக்குப் பிரகாசிக்கிற ஒளி என்கிறார். அதைக் கேட்டு யோசேப்பும் பிள்ளையின் தாயாரும் ஆச்சரியப்பட்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார்.

யார் ஆச்சரியப்பட்டது? காபிரியேல் தூதன் நேரில் வந்து பேசின பெண். சொப்பனத்தில் தூதனைக் கண்ட மனிதன். மேய்ப்பர்கள் ஓடி வந்து சொன்னதை எல்லாம் இருதயத்தில் வைத்துச் சிந்தித்தவள். உலகத்தில் இந்த விஷயம் அவர்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் அன்றைக்கு யாருமில்லை. எல்லாம் தெரிந்திருந்தும் அவர்கள் ஏன் ஆச்சரியப்பட்டார்கள்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டு, பிறகு மீகாவைத் திறக்கட்டும்.

நன்றி, வணக்கம்.