கம்பி, மரம், துணி: டைகர் மாத் விமானத்தைப் பார்க்கும் முறை

நேயர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குச் சுகோய் போர்விமானத்தின் இரைச்சல் புதிதில்லை. 2020 ஜனவரியிலிருந்து அந்த விமானங்களுக்கென ஒரு படைப்பிரிவே இங்கே நிலைகொண்டிருக்கிறது. பிரமாதமான இயந்திரம்தான். ஆனால் அதன் பலம் எங்கே இருக்கிறது, பாரம் எந்த வழியாகப் போகிறது என்று வெளியே நின்று பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் தகட்டுக்குள் மூடிக் கிடக்கிறது. இன்று நான் பேச வந்தது, தன் வேலையை ஏறக்குறைய முழுக்கவும் வெளியே காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு விமானத்தைப் பற்றி. டி ஹாவிலண்ட் டைகர் மாத். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட பயிற்சி விமானம்.

1931 அக்டோபர் 26 அன்று இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்தது. 8,000-க்கும் மேல் கட்டினார்கள். நம் விமானப்படையிலும் பல தலைமுறை விமானிகள் இதில்தான் பறக்கப் பழகினார்கள். இங்கிலாந்தில் புதுப்பித்துக் கொண்டுவந்த ஒரு டைகர் மாத் 2012-ல் டெல்லிக்கு அருகே ஹிண்டனில் நடந்த விமானப்படை நாள் விழாவில் பறந்தது. நன்றாகப் புதுப்பித்த ஒன்றைப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது மஞ்சள் வண்ணமும் மெருகேற்றிய மரப் புரொப்பெல்லரும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய அழகு இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே ஓடும் கம்பிகளைப் பாருங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் இறக்கை நுனிக்குச் சற்று உள்ளே, முன்னும் பின்னுமாக இரண்டு மரத் தாங்குகட்டைகள் மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் இணைக்கின்றன. உடற்பகுதியின் அடியிலிருந்து சாய்வாக மேலேறி, அந்தத் தாங்குகட்டையின் மேல்முனையைப் பிடிப்பவை ஃபிளையிங் வயர்கள். பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்குகிறது அல்லவா, அந்த இழுப்பைத் தாங்குவது இவைதான். மேல் இறக்கையின் நடுப்பகுதியிலிருந்து சாய்வாகக் கீழிறங்கி, தாங்குகட்டையின் கீழ்முனைக்கு வருபவை லேண்டிங் வயர்கள். தரையில் நிற்கும்போது இறக்கையின் எடையைச் சுமப்பது இவை. விமானம் எழும்பியதும் பாரம் கைமாறுகிறது. லேண்டிங் வயர் தளர்கிறது, ஃபிளையிங் வயர் விறைக்கிறது. முன் தாங்குகட்டைக்கும் பின் தாங்குகட்டைக்கும் இடையே குறுக்காக ஓடும் சிறிய கம்பிகள், இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் காக்கின்றன. தேவையில்லாத கம்பி என்று ஒன்றுகூட அங்கே கிடையாது.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ரயில் பாலங்கள் கட்டிய பொறியாளர் ஆக்டேவ் சனூட், பாலத்தின் சட்ட முறையைத் தன் 1896-ம் ஆண்டு கிளைடரின் இரட்டை இறக்கைக்குக் கொண்டுவந்தார். ரைட் சகோதரர்கள் அதைப் பின்பற்றினார்கள். மெல்லிய மரத்தை வைத்துக்கொண்டு உறுதியான இறக்கை கட்ட அன்றைக்கு வேறு நல்ல வழி இல்லை. இதற்கு விலை, காற்றுத்தடை. உருண்டைக் கம்பி காற்றை மிக அதிகமாகத் தடுக்கும். அதனால்தான் இந்தக் கம்பிகளின் குறுக்குவெட்டு தட்டையான லென்ஸ் வடிவில் இருக்கிறது. அதன் மெல்லிய விளிம்பு காற்றோட்டத்துக்கு நேராக நிற்க வேண்டும். சிறிது திரும்பியிருந்தாலும் கம்பி படபடத்து அதிரும். நாளடைவில் மரை இருக்கும் இடத்தில் விரிசல் விடும்.

கம்பியின் ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை. கம்பியைச் சுழற்றினால் இரு முனையும் ஒரே நேரத்தில் உள்ளே போகும், அல்லது வெளியே வரும். நீளத்தைச் சரிசெய்வது இப்படித்தான். முனையில் உள்ள கவட்டில் ஒரு சிறிய துளை இருக்கும். அதில் மெல்லிய கம்பியை நுழைத்துப் பார்க்க வேண்டும். அது மரையில் இடித்து நின்றால் போதிய அளவு உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். தடையில்லாமல் மறுபக்கம் வந்துவிட்டால் விமானம் பறக்கத் தகுதியில்லை. அதன் பிறகே பூட்டு நட்டை இறுக்கலாம்.

இறக்கைகளை நேர்படுத்தும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உடற்பகுதியை முட்டுக்கொடுத்து ரசமட்டத்தால் சமன் செய்ய வேண்டும். பிறகு மேல் இறக்கையின் நடுப்பகுதியைத் தூக்குக்குண்டு விட்டு நேராக்க வேண்டும். அடுத்து லேண்டிங் வயரைத் திருகி இறக்கை நுனி எவ்வளவு உயர்ந்து நிற்க வேண்டும் என்பதை அமைத்து, குறுக்குக் கம்பிகளால் இறக்கையின் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். ஃபிளையிங் வயருக்குக் கடைசி இடம்தான். அதையும் தொய்வு நீங்கும் அளவுக்கு மட்டுமே இறுக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கெட்டியாக இறுக்கினால் உறுதி கூடும் என்று நினைத்து, இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் கட்டையை வில்லாக வளைத்துவிடுகிறார்கள். நடுப்பகுதி கோணலாக இருக்கும்போதே வெளியே திருத்தத் தொடங்கினாலும் அப்படித்தான், எத்தனை தடவை திருகினாலும் விமானம் ஒரு பக்கம் சாய்ந்தே பறக்கும்.

மேல் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முந்தைய மாதிரியில் பெட்ரோல் தொட்டியும் இறக்கையின் நடுப்பகுதியும் முன் இருக்கைக்கு நேர் மேலே இருந்தன. முன்னால் உட்காருபவர் பயிற்சியாளர். ஆபத்தில் பாராசூட்டோடு குதிக்க வேண்டுமானால் அவரால் எளிதாக வெளியே வர முடியாது. அதனால் நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். தூக்குவிசையின் மையமும் கூடவே முன்னால் போய்விடுமே, அதை ஈடுகட்ட இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். நாம் ரசிக்கும் அந்தச் சாய்வு இப்படிப் பிறந்ததுதான்.

இனி துணிக்குள் போவோம். உடற்பகுதிக்குள் இருப்பது உருக்குக் குழாய். இறக்கைக்குள் ஸ்புரூஸ் மரம். பழைய இறக்கையைப் பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது பசை. அந்தக் காலத்தில் பாலிலிருந்து எடுத்த கேசீன் பசை பரவலாகப் பயன்பட்டது. ஈரம் பட்டால் அதில் பூஞ்சை பிடிக்கும், ஒட்டு விட்டுப்போகும். அடுத்து, தாங்குகட்டை பொருந்தும் இடங்களில் ஸ்பார் கட்டையை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மர ரேகைக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால், எப்போதோ நடந்த மோசமான தரையிறக்கத்தில் மரம் உள்ளே நசுங்கியிருக்கிறது. அந்தக் கட்டையை மாற்றத்தான் வேண்டும்.

எல்லாம் வெளியே தெரிகிறது என்று சொன்னேன். தெரியாத ஒன்றும் இருக்கிறது, அது உயிர் காக்கும் பாகம். இடது, வலது கீழ் இறக்கைகளின் அடியை உடற்பகுதிக்குக் குறுக்கே இணைக்கும் உருக்குத் தண்டுகள் காக்பிட்டுக்குக் கீழே ஓடுகின்றன. 2013-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு டைகர் மாத்தின் இறக்கை பறக்கும்போதே பிய்ந்து, அதில் இருந்த இருவர் இறந்தார்கள். அந்தத் தண்டுகளின் மரைப் பகுதியில் களைப்பு விரிசல், அதாவது பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகத்தில் விழும் விரிசல், இருந்தது விசாரணையில் தெரிந்தது. ஆகவே இவ்வளவு மணி நேரம், இவ்வளவு ஆண்டு என்று கெடு வைத்து அவற்றை மாற்ற வேண்டும். புதுப்பித்த விமானம் ஒன்றைக் கண்டால், வண்ணம் எங்கே அடித்தீர்கள் என்று கேட்பதற்கு முன், தண்டு எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

துணி வேலை நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. முன்பு லினன் துணி போர்த்தி, டோப் என்ற பூச்சைத் தடவி விறைக்க வைத்தார்கள். இப்போது பெரும்பாலும் பாலியஸ்டர். அதை இஸ்திரிப் பெட்டியால் சுருக்குகிறார்கள். தொடக்கத்தில் 120 டிகிரி செல்சியஸ், முடிவில் சுமார் 175. அதற்கு மேல் போனால் துணி கெட்டுவிடும், ஆகவே பெட்டியின் சூட்டை வெப்பமானி வைத்துச் சோதிக்க வேண்டும். இறக்கைக்கு வடிவம் தரும் விலா எலும்பு போன்ற சட்டத்துக்கு ரிப் என்று பெயர். துணியை ஒவ்வொரு ரிப்போடும் மெழுகு நூலால் தைக்க வேண்டும். தையலுக்குத் தையல் சுமார் 3 அங்குலம், புரொப்பெல்லர் காற்று அறையும் இடத்தில் அதில் பாதி. அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து துணியைக் காக்கும். அதைக் கஞ்சத்தனமாகப் பூசினால் நம் வெயிலில் துணி சீக்கிரம் இற்றுப்போகும்.

டோப் அடிக்க நாள் பார்த்தே தீர வேண்டும். அதன் கரைப்பான் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரப்பதம் எழுபது, எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து பூச்சு வெளுத்துவிடும். வெளுத்த பூச்சுக்குப் பலமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் இந்த வேலையைத் தொடவே கூடாது. பங்குனி, சித்திரையில் திருச்சிப் பக்கம் பிற்பகல் நேரம் ஏற்றது. நாகப்பட்டினம், காரைக்கால் ஓரத்தில் கடல்காற்று நுழைவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

என்ஜினுக்கு ஜிப்ஸி மேஜர் என்று பெயர். நான்கு சிலிண்டர், 6.1 லிட்டர், 130 குதிரைத்திறன், காற்றால் குளிர்வது. சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்குகின்றன, கிராங்க் தண்டு மேலே இருக்கிறது. இதனால் புரொப்பெல்லர் தரையிலிருந்து உயரமாக நிற்கும், விமானிக்கு முன்பார்வையும் கிடைக்கும். தொல்லை என்னவென்றால், நின்ற என்ஜினில் எண்ணெய் சிலிண்டருக்குள் கசிந்து தங்கும். எண்ணெயை அமுக்க முடியாது. அந்த நிலையில் என்ஜின் கிளம்பினால், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். எனவே முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது கல்லாக நின்றால் பலம் காட்டக் கூடாது. பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும்.

பேட்டரி கிடையாது, ஸ்டார்ட்டரும் கிடையாது. பழைய மொபெட்டைப் போல, சுழலும்போது தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டோதான் பொறி கொடுக்கிறது. ஒரு மேக்னட்டோவில் ஸ்பிரிங் இணைப்பு உண்டு. கையால் சுற்றும் குறைந்த வேகத்திலும் அது மேக்னட்டோவைப் பிடித்து வைத்து, சட்டென விடுவித்து, வலுவான பொறியைச் சற்றுத் தாமதமாகத் தரும். அந்த ‘டக்’ ஓசை கேட்டால் எல்லாம் ஒழுங்கு. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காக்பிட்டில் விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்த பிறகே சுற்ற வேண்டும். வழுக்கும் களிமண்ணில் நின்று சுற்றக் கூடாது. விரல்களை விளிம்பில் மடக்கிப் பிடிக்கவும் கூடாது. சுவிட்சின் வேலை மேக்னட்டோவை எர்த் செய்வது மட்டுமே. அந்த எர்த் கம்பி அறுந்திருந்தால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் என்ஜின் கிளம்பும். ஆகவே நிற்கும் புரொப்பெல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே கருத வேண்டும்.

பெட்ரோல் மேல் இறக்கையின் நடுத் தொட்டியிலிருந்து பம்ப் இல்லாமல் தானாகவே இறங்குகிறது. கொள்ளளவு சுமார் 86 லிட்டர், மணிக்கு ஏறக்குறைய 30 லிட்டர் செலவாகும். பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றக் கூடாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய அடைப்பான்களையும் தொட்டிப் பூச்சையும் அரிக்கும்.

மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம் என்று வையுங்கள். திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வான்வழியில் சுமார் 125 கிலோமீட்டர். ஆடி மாதம் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், போக 47 நிமிடம், திரும்ப 75 நிமிடம். இவ்வளவு மெதுவான விமானத்தில் பயணத் திட்டத்தைக் காற்றுதான் முடிவு செய்கிறது. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பதால் ஆடிக் காற்று நேராக வரும். பிரேக் இல்லாத, வால்பகுதியில் சறுக்குக் கட்டை மட்டுமே உள்ள விமானத்துக்கு அது பெரிய உதவி. பக்கக் காற்றில் வால் சுழன்று விமானம் வட்டமடித்துவிடும். எடையின் மையம் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதே காரணம். கோடையில் 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட 8 சதவீதம் குறைவு. என்ஜின், புரொப்பெல்லர், இறக்கை மூன்றுமே சற்றுச் சோர்ந்துவிடும், எழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும்.

நிறுத்தி வைக்கும்போது புரொப்பெல்லரைக் கிடைமட்டமாக விட வேண்டும். செங்குத்தாக விட்டால் ஈரம் கீழ்ப்பக்க இலைக்கு இறங்கிச் சமநிலை கெடும். மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். பருவம் மாறும்போதெல்லாம் புரொப்பெல்லர் போல்ட்டின் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். வேகமானிக்குக் காற்றைக் கொண்டுபோகும் பிடோ குழாயை மூடாவிட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும், பிறகு வானத்தில் வேகம் தெரியாது. வயல் ஓரத்துக் கொட்டகையானால் எலி துணியையும் தையல் நூலையும் கடிக்கும், ஆகவே இறக்கைக்குள் விளக்கடித்துப் பார்ப்பது வாராந்திர வேலை. வெளியே கயிற்றால் கட்டி நிறுத்தினால், நார்க் கயிறு மழையில் நனைந்து சுருங்கி இறக்கையை இழுக்கும் என்பதை மறக்காமல் கொஞ்சம் தொய்வு விட வேண்டும். நைலான் கயிறுக்கு அந்தக் குணம் இல்லை.

வணக்கம்.